நேற்று வாத்தியார்

கைக்கடிகாரத்தைக் கழற்றி, முகம் மேசையில் படும்படி குப்புறப் போட்டுவிட்டுத்தான் வேதமணி சார் வாயைத் திறப்பார். போட்டவுடன் உள்ளங்கையால் மேசையில் ஒரு தட்டு. “நேத்து!” என்பார். வேறு முன்னுரை கிடையாது. பூனாவில், விஷ்ராந்த்வாடியில் ஆளந்தி சாலையை ஒட்டிய அந்த மாடிவீட்டின் முன்னறையில், பாயிலும் பிளாஸ்டிக் நாற்காலியிலுமாக உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, நேற்று என்ன செய்தார்கள் என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். கடிகாரம் ஏன் குப்புறக் கிடக்கிறது என்று புதிதாக வந்தவர்கள் கேட்பதுண்டு. “நடந்து முடிஞ்ச காரியத்துக்கு மணி பாத்து என்னய்யா ஆகப்போவுது? இது குப்புற விழுந்துட்டுன்னா பாடம் ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். கத்துக்கிட வந்தவன் அவசரப்படப்படாது.”

அவரிடம் கிடைப்பது ஒரே சரக்கு. ஆங்கிலத்தில் சாதாரண இறந்தகாலம், அவ்வளவுதான். வந்தேன், போனேன், தின்றேன், தூங்கினேன். நிகழ்காலம் வேண்டுமென்றால் வேறு வாத்தியாரைப் பார்க்கச் சொல்லிவிடுவார். “நிகழ்காலத்துல எனக்கே தகராறு. எதிர்காலம் கர்த்தர் கையில இருக்கு, நான் எதுக்கு நடுவுல? நேத்து நடந்தது ஒண்ணுதான் கைவசம் இருக்கு. அதை ஒழுங்காச் சொன்னாப் போதும், எந்தக் கம்பெனியிலயும் வேலை குடுப்பான்.” இரண்டாயிரத்தை ஒட்டிய அந்த வருடங்களில் சாகண் பக்கம் மோட்டார் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்தன. நேர்முகத் தேர்வில் ‘முந்தைய கம்பெனியில் என்ன செய்தாய்?’ என்பதைத்தான் முதலில் கேட்டார்கள். சரக்கு விலைபோனது.

இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்கத் தனக்கு எந்த யோக்கியதையும் இல்லை என்பதையும் அவரே முதல் நாளில் அறிவித்துவிடுவார். கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலை அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து தலைமைக் குமாஸ்தாவாக ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுக்க ஆங்கிலத்தில்தான் எழுதினார். ஆனால் எழுதியதெல்லாம் ‘தங்கள் கடிதம் பெறப்பட்டது’, ‘விவரம் கவனிக்கப்பட்டது’, ‘கோப்பு மேலே அனுப்பப்பட்டது’ ரகம். “இத்தன வருஷ சர்வீஸ்ல நான் ஒண்ணுமே செஞ்சதில்ல, பாத்துக்கிடுங்க. எல்லாம் செய்யப்பட்டுது. யாரு செஞ்சான்னு கேட்டா ஒருத்தனும் மாட்டமாட்டான். ரிட்டையர் ஆன பொறவுதான் ‘ஐ’னு ஒரு எழுத்து இருக்கதே எனக்குத் தெரிஞ்சுது.” சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரிப்பார். சிரிக்கும்போது தொப்பை மேசையில் இடித்துச் சுண்ணக்கட்டிகள் உருளும்.

பாடம் நடத்தும் முறையிலும் ஆபீஸ் வாசனை போகவில்லை. ‘வாக்’, ‘வாக்ட்’ என்று வாலில் மட்டும் ஒன்றைச் சேர்த்துக்கொண்டு அடங்கிப் போகிற வினைகளை அவர் நல்ல பிள்ளைகள் என்பார். ‘கோ’ என்பது ‘வென்ட்’ ஆகிற மாதிரி ஆளே அடையாளம் தெரியாமல் மாறிவிடுகிறவை தறுதலைகள். “தறுதலையத் திருத்த முடியாது. மூஞ்சிய ஞாபகம் வச்சுக்கிட வேண்டியதுதான்.” கேள்விக்கும் மறுப்புக்கும் வந்து நிற்கிற ‘டிட்’ அவரைப் பொறுத்தவரை மேலதிகாரி. “டிட் கையெழுத்துப் போட்டாச்சுன்னா கீழ இருக்கவன் மறுபடி போடப்படாது. ‘ஐ டிட் நாட் கோ.’ ‘வென்ட்’னு சொன்னா ரெண்டு கையெழுத்து. ஆடிட்டுல பிடிப்பான்.” இந்த விளக்கம் இலக்கணப் பண்டிதர்களுக்கு உவப்பாக இருக்குமா தெரியாது. கேட்டவர்கள் யாரும் அந்தத் தவறை மறுபடி செய்ததில்லை.

வகுப்புக்கு மூன்று சட்டம். நேற்று நடந்ததாக இருக்க வேண்டும். உண்மையாக இருக்க வேண்டும். முந்தைய நாள் வகுப்பில் சொன்னதையே மறுபடி சொல்லக் கூடாது. இரண்டாவது சட்டத்தில் அவர் ரொம்பக் கறார். சாகணில் மிஷின் ஓட்டுகிற கலியன், செய்யாற்றுக்காரர், ஒரு நாள் ‘நேற்று நான் கோவாவுக்குப் பறந்தேன்’ என்று எடுத்துவிட்டார். “பறந்தியா? நேத்து சாயங்காலம் ஒன்ன வடாபாவ் வண்டிகிட்டல்ல பாத்தேன்” என்று சார் மடக்கினார். கலியன் தலையைச் சொறிந்துகொண்டு, “நேத்து நானு ஒண்ணுமே செய்யல சார். என்னாத்த சொல்றது?” என்றார். “‘ஐ டிட் நத்திங்.’ சொல்லு. அதுவும் உண்மைதான, உக்காரு.”

சட்டம் வாத்தியாருக்கும் உண்டா என்று கட்கியில் பிறந்து வளர்ந்த ஜெரால்டின் ஒரு நாள் கேட்டுவிட்டாள். ஆபீஸ் வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்த பெண். அவள் தமிழ் பாதி ஹிந்தியில்தான் நடக்கும். “அங்கிள், ஹம் லோக் டெய்லி சொல்றோம் நா. நீங்க நேத்து என்ன செஞ்சீங்க, வோ பீ, அதையும் சொல்லுங்க நா.” சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்: பேப்பர் படித்தேன். பேப்பரில் இருந்த பிழைகளைத் திருத்தினேன். செய்தி பார்த்தேன். தூங்கினேன். அதைச் சொன்னபோது அவருக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. குறை தெரிந்தது தங்கபுஷ்பம் அம்மாள் வகுப்பில் சேர்ந்த பிறகுதான்.

தங்கபுஷ்பம், சாரின் மனைவி. அதுவரை அடுக்களையில் இருந்தபடியே வகுப்பைக் கேட்டுக்கொண்டிருந்தவர். அவர்கள் போகிற கட்கி தேவாலயத்தில் தமிழ், மராத்தி, ஆங்கிலம் என்று மூன்று ஆராதனை நடக்கும். வருடத்தில் ஒரு நாள், பெண்கள் ஞாயிறு அன்று மட்டும், மூன்று சபையும் ஒன்றாக உட்காரும். ஒவ்வொரு சபையிலிருந்தும் ஒரு பெண் மேலே போய், போன ஒரு வருடம் தன் வாழ்க்கை எப்படிப் போயிற்று என்று எல்லோருக்கும் புரியும்படி ஆங்கிலத்தில் சாட்சி சொல்ல வேண்டும். தமிழ்ச் சபைக்கு வழக்கமாகச் சொல்கிற டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டார். இங்கிலீஷ் வாத்தியார் வீட்டில் இங்கிலீஷுக்கா பஞ்சம் என்று மாதர் சங்கத்தார் தங்கபுஷ்பத்தின் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். அவர் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே முன்னறைக்கு வந்து, ஜெரால்டினுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார்.

முதல் நாள் அவர் எழுந்து நின்று சொன்னது இன்றைக்கும் சாருக்கு மனப்பாடம். “ஐ குக்ட். ஐ வாஷ்ட். ஐ ஸ்வெப்ட். ஐ குக்ட். ஐ ஃபில்ட் வாட்டர். ஐ வாஷ்ட். ஐ குக்ட்.” உட்கார்ந்துவிட்டார். ஒரு பிழை இல்லை. நல்ல பிள்ளைகள் அத்தனையும் வரிசையாக நின்றன, நடுவில் ஒரே ஒரு தறுதலை, அதுவும் சரியாகவே வந்தது. சார் பூரித்துப் போனார். மறுநாளும் தங்கபுஷ்பம் எழுந்தார். ‘சமைத்தேன், கழுவினேன், பெருக்கினேன், சமைத்தேன், தண்ணீர் பிடித்தேன்...’

“ஏளா, இது நேத்து கிளாஸ்ல சொன்னதுல்லா? மூணாவது சட்டம் என்ன?”

“முந்தாநாள் செஞ்சதைத்தான நேத்தும் செஞ்சேன். மாத்திச் சொன்னா பொய்யாயிரும். ரெண்டாவது சட்டம் என்னன்னு நீங்க சொல்லுங்க.”

ஜெரால்டினுக்கு வாய் நிற்காது. கேள்வி கேட்டுப் பழக வேண்டும் என்று சார்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். “டிட் அங்கிள் ஹெல்ப்?” என்றாள். “நோ. ஹி டிட் நாட் ஹெல்ப்” என்றார் தங்கபுஷ்பம், கொஞ்சமும் தடுமாறாமல். மேலதிகாரி கையெழுத்துப் போட்டாயிற்று. கலியன் குனிந்து பாயின் கோரையை எண்ண ஆரம்பித்தார். சாருக்குக் காது மடல் சுட்டது. இதையே அவள் பெண்கள் ஞாயிறு அன்று மூன்று சபைக்கும் முன்னால் மைக்கில் சொல்லப் போகிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மானம் போகாமல் இருக்க வேண்டுமென்றால், அந்த நாள் வருவதற்குள் அவள் வாயிலிருந்து ஒரு புது வாக்கியமாவது வந்தாக வேண்டும்.

மனைவியின் நேற்றைக் கொஞ்சம் அழகுபடுத்திவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தார். அந்த வார விடுமுறையில் சிம்மகட் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மலை, காற்று, கோட்டை வாசல், புகைப்படம். மறுநாள் வகுப்பில் மேசையைத் தட்டியவர் முகத்தில் அத்தனை எதிர்பார்ப்பு. தங்கபுஷ்பம் எழுந்தார். ‘நான் விடியுமுன் எழுந்தேன். எலுமிச்சம்பழச் சோறு கிளறினேன். பை சுமந்தேன். மலை ஏறினேன். அவர் உட்கார்ந்தார். நான் பரிமாறினேன். நாங்கள் திரும்பினோம். நான் டப்பா கழுவினேன்.’ ‘உட்கார்ந்தார்’ என்பதற்கு ‘ஹி ஸேட்’ என்று சரியாகச் சொன்னார். தறுதலை வினை இன்னொன்றைப் பிடித்துவிட்டாரே என்று கலியன் கைதட்டினார். சார் கைதட்டவில்லை.

அடுத்து ஒரு மிக்ஸி வாங்கினார். புத்தம் புதுசு, மூன்று ஜாடி. ‘ஹி பாட் எ மிக்ஸி. ஐ க்ளீன்ட் த மிக்ஸி’ என்று இரண்டே வாக்கியத்தில் அதுவும் முடிந்தது.

கடைசியாக, தனக்குக் கைவந்த வழியில் இறங்கினார். உட்கார்ந்து அவளுக்காக ஒரு சாட்சியையே எழுதிவிட்டார். ‘ஆசீர்வாதங்கள் பெறப்பட்டன. சுகம் காக்கப்பட்டது. குடும்பம் வழிநடத்தப்பட்டது.’ ஆங்கிலம் அத்தனை மிடுக்காக இருந்தது. தங்கபுஷ்பம் அடுக்களை விளக்கு வெளிச்சத்தில் வைத்து மெதுவாகப் படித்தார்.

“சுகம் காக்கப்பட்டுது. சரி. காத்தது யாரு? போன மழைக்காலத்துல ஒங்க மூச்சிரைப்புக்கு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா பஸ்ல அலைஞ்சது யாரு?”

“அது பணிவுல்லா. சாட்சின்னா நம்மள முன்னால வைக்கப்படாது.”

“பணிவெல்லாம் சரிதான். இதுல நான் எங்கன இருக்கேன்னு காட்டுங்க. ‘ஐ’னு ஒண்ணு இருக்குன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்குடுக்கிய.”

காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பருப்பைக் கடையப் போய்விட்டார்.

சனிக்கிழமை மதியம் தங்கபுஷ்பம் கடைசி ஒத்திகைக்காகக் கட்கிக்குப் பஸ் ஏறினார். வீட்டில் சார் மட்டும். தண்ணீர் குடிக்க அடுக்களைக்குள் போனவர், கழுவுதொட்டி நிறையப் பாத்திரம் கிடப்பதைப் பார்த்தார். மூளைக்குள் விளக்கு எரிந்தது. இத்தனை நாள் எங்கெல்லாமோ தேடிய வாக்கியம் இங்கே அல்லவா அழுக்காகக் கிடக்கிறது! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் கடிகாரத்தோடேயே இறங்கிவிட்டார். அப்பளப்பூ மாதிரி நுரை எழும்ப எழும்ப, தம்ளர், தட்டு, குக்கர் என்று ஒவ்வொன்றாகத் தேய்த்தார். கடிகாரக் கண்ணாடிக்குள் ஆவி படிந்தது. அதைக்கூடக் கவனிக்கவில்லை.

கடைசியாகக் கண்ணில் பட்டது தோசைக்கல். கல்யாணமாகிப் பூனா வந்த நாளிலிருந்து தங்கபுஷ்பம் தோசை வார்க்கிற இரும்புக் கல். கன்னங்கரேல் என்று எண்ணெய் மினுக்கோடு இருந்தது. ‘எவ்வளவு சுத்தக்காரி, இதை மட்டும் எப்படி இத்தனை வருஷம் அழுக்காகவே விட்டுவைத்தாள்?’ என்று சார் வியந்தார். பெண்டாட்டி வேலையில் ஒரு குறை கண்டுபிடித்த குஷி வேறு. சோப்புத் தூளைக் கொட்டி, கம்பி நாரை எடுத்து, தோள்பட்டை கழன்று விழும்வரை தேய்த்தார். கறுப்பெல்லாம் கரைந்து ஓடி, உள்ளே இருந்த வெள்ளை இரும்பு பல்லைக் காட்டியது. அதைத் துடைத்து, வாசலில் நுழைந்தவுடன் கண்ணில் படும்படி குழாய்க்குப் பக்கத்தில் சாத்தி வைத்தார்.

தோசை வார்க்கிற வீட்டில் பிறந்த யாருக்கும் இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

தங்கபுஷ்பம் வந்தார். பையை வைத்தார். கல்லைப் பார்த்தார். “இதத் தேச்சது யாரு?”

அலுவலகத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு நாளும் நேராகப் பதில் சொல்லாத மனிதர் நெஞ்சை நிமிர்த்தினார். “ஐ வாஷ்ட்!”

தங்கபுஷ்பம் வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு விறுவிறுவென்று உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தோள் குலுங்கியதைச் சார் பார்த்தார். அழுகிறாள். சந்தோஷத்திலா, வேறெதிலுமா என்று தெரியாமல் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றார். தட்டலாமா என்று கையைத் தூக்கிவிட்டு இறக்கிக்கொண்டார். எதில் என்பது ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தோசை வார்த்தபோது தெரிந்தது. மாவு கல்லைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தது. சுரண்டி எடுத்ததைக் கிண்ணத்தில் போட்டு, கரண்டியால் சாப்பிட்டார்கள்.

“நாளைக்குப் புது வாக்கியம் கெடச்சுட்டு” என்றார் தங்கபுஷ்பம்.

மறுநாள் தேவாலயத்தில் சார் தூணுக்குப் பின்னால் இடம் பிடித்தார். மராத்திச் சபைப் பெண் சொல்லி முடித்தாள். ஆங்கிலச் சபைப் பெண் சொல்லி முடித்தாள். இருவருக்கும் அந்த வருடம் பெரிய பெரிய காரியங்கள் நடந்திருந்தன. பிறகு தங்கபுஷ்பம் மேலே ஏறினார். கையில் காகிதம் இல்லை. மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டார். “ஐ குக்ட். ஐ வாஷ்ட். ஐ ஸ்வெப்ட். மை ஹஸ்பண்ட் ஃபெல் சிக். ஐ டுக் ஹிம் டு த ஹாஸ்பிடல். ஐ ப்ரேய்ட். ஐ குக்ட்.” சார் தூணோடு ஒண்டிக்கொண்டார். “யெஸ்டர்டே மை ஹஸ்பண்ட் வாஷ்ட் த வெஸல்ஸ். ஹி வாஷ்ட் த தோசைக்கல். வித் சோப்.”

தமிழ்ச் சபைப் பெண்கள் இருந்த பக்கம் முழுவதும் “ஐயையோ!” என்று ஒரே குரலாக எழுந்தது. ஒரு பாட்டி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். மராத்திக்காரர்களும் ஆங்கிலச் சபையாரும், பாத்திரம் கழுவியதற்கு எதற்கு இத்தனை பதற்றம் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சத்தம் அடங்கட்டும் என்று தங்கபுஷ்பம் காத்திருந்தார். பிறகு, அதே குரலில், “ஹி டிட் நாட் நோ. ஐ டிட் நாட் டீச்” என்றார். கொஞ்சம் நிறுத்தினார். “ஐ வென்ட் இன்சைட். ஐ ஷட் த டோர். ஐ லாஃப்ட். ஆஃப்டர் மெனி இயர்ஸ், ஐ லாஃப்ட் லைக் தட். தேங்க் யூ.”

தூணுக்குப் பின்னால் வேதமணி சாருக்குக் கண் கலங்கிவிட்டது. கதவுக்கு வெளியே தான் நின்ற நேரமெல்லாம் உள்ளே அவள் சிரித்துக்கொண்டிருந்தாளா? அத்தனை வருஷமாக அப்படிச் சிரிக்க ஒன்றுமே இல்லாமலா இருந்தது? அவமானத்தை எதிர்பார்த்து வந்த மனிதருக்கு இந்தச் சந்தோஷத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டார். பக்கத்திலிருந்தவர் ஜலதோஷமா என்று கேட்டார்.

இந்தக் கதையை ஒவ்வொரு புது வகுப்புக்கும் அவரே சொல்வார். தேய்த்தேன், கெடுத்தேன், முழித்தேன், ஒளிந்தேன் என்று அத்தனை வினைகளையும் அதிலிருந்தே எடுத்துப் பலகையில் எழுதுவார். “என்னைவிட நல்ல உதாரணம் எந்தப் புஸ்தகத்துல கெடைக்கும்?” என்று தொப்பை குலுங்கச் சிரிப்பார். கேட்கிறவர்களும் சிரிப்பார்கள். ஆனால் கதையைத் தேவாலயத்தோடு நிறுத்திவிடுவார். வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததை ஒரு நாளும் பலகையில் எழுதியதில்லை.

அன்று சாயங்காலம் தங்கபுஷ்பம் வெள்ளைக் கல்லை அடுப்பில் ஏற்றினார். அது காயத் தொடங்கியதும் ஒரு வெங்காயத்தைப் பாதியாக வெட்டி, முள்கரண்டியில் குத்தி, நல்லெண்ணெயில் முக்கினார். சார் வழக்கம்போல் கதவுநிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றார். கல்லில் தேய்க்கப் போனவர் நிறுத்தி, வெங்காயத்தைச் சாரின் பக்கம் நீட்டினார்.

வேதமணி சார் அடுக்களைக்குள் வந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி, அடுப்பு மேடையில் குப்புறப் போட்டார்.